சீ அண்ணையும் ஆயிரம் மீற்றரும்

ஜேர்மன் மொழியில் மரியாதை என்ற ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் ஹம்பேர்க்கில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். ஜேர்மன்காரருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் துறைமுகத்தில் அவருக்கு ஒரு சிலை வைத்திருப்பார்கள். சிலையின் கீழே பொறித்த வாசகத்தில் தன்னை ஒருமையில் குறிப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்லி அவரும் அதைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

அவரை நாங்கள் 'சீ அண்ணை' என்போம். வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ஜேர்மன் மொழியில் எதிரே நிற்பவரைக் கூப்பிட இரண்டு சொற்கள் உண்டு. 'டூ' என்றால் நீ. 'சீ' என்றால் நீங்கள். நாங்கள் நாயை விரட்டப் பாவிக்கும் சொல் அவர்களுக்கு மரியாதை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சண்டை வந்தால் 'உன்னோட டூ' என்று நட்பை முறிக்கும் சொல் அவர்களுக்கு நட்பு. இப்படித் தலைகீழாக இருக்கும் இரண்டு மொழிகளும் ஒரே நாட்டில் சமாதானமாக இருக்க வாய்ப்பில்லை என்று நான் ஒருமுறை நீண்ட கட்டுரை எழுதினேன். எந்தப் பத்திரிகையும் போடவில்லை. பிறகு சீ அண்ணையோடு ஒரு மலை ஏறினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் முழங்காலும் வயிறும் ஒன்றாக எரிகின்றன. எனக்கு நடந்தது நியாயமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சீ அண்ணை இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றிருக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞன், வெளிநாட்டுக்காரருக்கு இலக்கணம் விளங்காது என்ற கருணையில், "டூ அங்கே இருத்தல். டூ நாளைக்கு வருதல்" என்ற தோரணையில் பேசியிருக்கிறான். சீ அண்ணைக்கு அப்போது தெரிந்த ஜேர்மன் சொற்களை இரண்டு கையால் அள்ளிவிடலாம். அவற்றை வைத்துக்கொண்டே அவர் சொல்லியிருக்கிறார்: "பிழையான ஜேர்மன் கதைக்கிறது பரவாயில்லை. எனக்கும் அப்பிடித்தான் வரும். ஆனா 'சீ' போட்டுப் பிழையாக் கதையுங்கோ." அந்த இளைஞன் எழும்பிப் போய் வேறொருவரைக் கூட்டி வந்தானாம். வந்தவர் 'சீ' போட்டு, அழகான இலக்கணத்தோடு, நாளைக்கு வரச் சொன்னாராம். சீ அண்ணை வெற்றியோடு திரும்பி வந்தார்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு பெரிய உணவகத்தின் சமையலறையில் வேலை கிடைத்தது. உலகத்திலேயே எல்லாரும் எல்லாருக்கும் 'டூ' சொல்லும் இடம் ஒன்று உண்டென்றால் அது ஜேர்மன் சமையலறை. தலைமைச் சமையற்காரரிலிருந்து உருளைக்கிழங்கு உரிப்பவர் வரை அங்கே 'டூ'தான். சீ அண்ணை போய்ச் சேர்ந்து கொஞ்சக் காலத்தில், பால் கொதித்து வழியும்போதுகூட, "மதிப்புக்குரிய ஐயா, நீங்கள் சற்றே விலகினால் நான் அடுப்பை அணைக்கலாம்" என்று தலைமைச் சமையற்காரர் சொல்ல வேண்டிய நிலை வந்தது. இதை நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். நிறையக் கூட்டவில்லை.

மனிதர்களோடு மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை புத்தக அலுமாரி ஒன்று வாங்கி வந்து பெட்டியைப் பிரித்தார். பொருத்தும் முறை எழுதிய தாளில் "முதலில் நீ நான்கு திருகாணிகளை எடு" என்று இருந்தது. சீ அண்ணை தாளை மடித்தார், பலகைகளைப் பெட்டிக்குள் வைத்தார், என்னையும் ஒரு நுனியில் பிடிக்கச் சொல்லிக் கடைக்குத் திரும்பக் கொண்டுபோனார். அலுமாரியில் என்ன குறை என்று கடைக்காரப் பெண் கேட்டாள். அலுமாரியில் ஒரு குறையும் இல்லை, வளர்ப்பில்தான் குறை என்றார்.

காரில் வழி சொல்லும் கருவியில் இரண்டு குரல்கள் இருந்தன. புதிய குரல் எல்லாத் தெருவையும் அறிந்தது, ஆனால் 'டூ' சொல்லும். பழைய குரலுக்குப் பாதித் தெருக்கள் தெரியாது, ஆனால் "தயவுசெய்து நீங்கள் வலப்பக்கம் திரும்புங்கள்" என்று உருகும். சீ அண்ணை எதைத் தெரிந்தெடுத்தார் என்று சொல்லத் தேவையில்லை. அவரோடு ஒருமுறை கோயில் தேருக்குப் போனேன். தேர் சுற்றி முடிந்து இருப்புக்கு வந்த பிறகு, மிகுந்த மரியாதையோடு, பின்வாசலில் கொண்டுபோய் விடப்பட்டோம்.

கேட்பதைப் போலவே கொடுப்பதிலும் அவர் குறை வைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை 'நீங்கள்' என்று கூப்பிடுவது வழக்கம்தான். ஆனால் இவர் பக்கத்து வீட்டு நாயிடம் "ஏன் குலைக்கிறியள்?" என்று கேட்பதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். நான் ஹம்பேர்க்குக்கு வந்த முதல் குளிர்காலம் முழுக்க அவர் வீட்டு வரவேற்பறையில்தான் படுத்தேன். நானோ அவரைவிட எத்தனையோ வயது இளையவன், வேலை இல்லாதவன், அவர் போட்டதைச் சாப்பிடுகிறவன். ஒரு நாள் காலை தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்கள் குறட்டை விடுறியள்." ஒருவனுடைய குறட்டையை இவ்வளவு மரியாதையாகக் கண்டித்த மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அன்றிலிருந்து நான் அவருக்கு 'நீங்கள்'தான். யாழ்ப்பாணத் தமிழில் 'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் நடுவில் 'நீர்' என்று ஒரு படி இருக்கிறது. பழகிய மனிதரை அந்தப் படியிலாவது உட்கார வைக்கலாம். அவர் அதற்கும் இடம் தரவில்லை.

இப்படிப்பட்ட மனிதருடைய ஒரே மகள் ஆரணி, பவேரியாவின் தெற்கு மூலையில், அல்கோய் மலைப்பக்கத்தில் பிறந்த லூக்காஸ் என்ற பையனை விரும்பினாள். சீ அண்ணை மறுக்கவில்லை. பையன் அவரிடம் 'சீ' போட்டுத்தான் பேசினான். ஆரணி நன்றாகப் பழக்கியிருந்தாள். பையனுடைய தகப்பனைப் பழக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

தகப்பனின் பெயர் அலோயிஸ். கதவுநிலையில் தலை முட்டும் உயரம். ஊரில் தச்சு வேலையும் கொஞ்சம் மாடுகளும். சம்பந்தம் பேச ஹம்பேர்க்குக்கு வந்தவர், வாசலில் கோட்டும் கழுத்தில் ரையும் போட்டு நின்ற சீ அண்ணையின் தோளில் ஓர் அறை விட்டு, "நான் அலோயிஸ். நீ?" என்றார். அல்கோயில் இது அன்பின் உச்சம். எங்கள் அக்கா, அதாவது சீ அண்ணையின் மனைவி, கையில் பலகாரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். நானும் அங்கே இருந்தேன். தட்டிலிருந்து நான் எடுத்த ரோல்ஸ் ஒன்று என் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

சீ அண்ணை ஜேர்மன் மொழியில் அமைதியாகக் கேட்டார்: "நாங்கள் ரெண்டு பேரும் எப்ப சேர்ந்து பன்றி மேய்ச்சனாங்கள்?"

இது வசை அல்ல. அளவுக்கு மீறி நெருங்கி வருகிறவரைத் தள்ளி நிறுத்த ஜேர்மன்காரர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. ஹம்பேர்க்கில் யாரிடம் கேட்டாலும் முகம் சிவந்து 'சீ'க்குத் திரும்பிவிடுவார். அலோயிஸ் முகம் சிவக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். பிறகு சொன்னார்: "பன்றி எங்களிடம் இல்லை. மாடுதான். நீ கோடையில் வா, சேர்ந்து மேய்ப்போம்."

அன்று பலகாரம் யாரும் சாப்பிடவில்லை. நான் அந்த ரோல்ஸை முடித்ததைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

பிரச்சினை அதோடு பெரிதானது. மரியாதை தெரியாத சபையில் தன்னால் நிற்க ஏலாது, கலியாணத்தை அவர்கள் தாராளமாகச் செய்யட்டும், தான் வரமாட்டேன் என்று சீ அண்ணை சொல்லிவிட்டார். அப்பா சபையில் இல்லையென்றால் தனக்குக் கலியாணமே வேண்டாம் என்று ஆரணி சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். ஒருவர் சொன்னதை ஒருவர் மாற்ற வைக்க முடியாது. மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாகிவிட்டது. அக்கா எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, நீங்கள் பேப்பரில எழுதுற ஆள். ஒருக்கா அவரோட கதைச்சுப் பாருங்கோ" என்றார். பேப்பரில் எழுதுகிறவன் சொன்னதை அவன் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை என்பது அக்காவுக்குத் தெரியாது.

வழியைக் கண்டுபிடித்தவர் அலோயிஸ்தான். மகன் மூலம் சொல்லி அனுப்பினார். தங்கள் பக்கத்தில் சம்பந்தியாக வருகிறவரோடு ஒருமுறை மலைக்குப் போவது வழக்கம். சீ அண்ணை வந்து தன்னோடு சிகரம் வரை நடக்கட்டும். வழி முழுக்க, மூச்சு வாங்கினாலும், ஒரு 'டூ' தன் வாயிலிருந்து வராது. வந்தால் அவர் பாதி வழியில் திரும்பிப் போகலாம்.

சீ அண்ணை சவாலை ஏற்றார். சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்றார். சாட்சி யாரென்று நான் கேட்டபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் நான் காலால் ஏறிய அதி உயர்ந்த இடம் ஹம்பேர்க் பிரதான ரயில் நிலையத்தில் பழுதாகி நின்ற நகரும் படிக்கட்டு. அன்றுகூட நடுவில் ஒருமுறை நின்று, விளம்பரம் வாசிப்பதுபோல மூச்சு வாங்கினேன். இதை எடுத்துச் சொன்னேன். ஒருவரும் காதில் போடவில்லை.

நாள் முழுக்க ரயிலில் இருந்து அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். அடுத்த நாள் காலை சீ அண்ணை கோட்டும் ரையுமாக அறையிலிருந்து வெளியே வந்தார். மலைக்கு இது எதற்கு என்று கேட்டேன். "மலையெண்டாலும் ஒரு அலுவலுக்குத்தானே போறம்" என்றார். சப்பாத்தை மட்டும் அலோயிஸ் மாற்ற வைத்தார், அதுவும், "நீங்கள் விரும்பினால், தயவுசெய்து, இந்தச் சப்பாத்துகளைப் போட்டுக்கொள்கிறீர்களா?" என்று. சொல்லி முடிக்கும்போது அவருக்கு வியர்த்திருந்தது. மலை ஏறுவது அவருக்கு ஒன்றுமில்லை. 'சீ' ஏறுவதுதான் கஷ்டம்.

பாதை ஊருக்குப் பின்னாலேயே தொடங்கியது. தொடங்கியதும் நேராக வானத்தை நோக்கிப் போனது. நான் பலமுறை படித்திருக்கிறேன், மலையில் நடந்தால் மனம் விரியும், சிந்தனை தெளியும் என்றெல்லாம். எழுதியவர்கள் எல்லாரும் அடிவாரத்தில் கதிரையில் இருந்து எழுதியிருக்க வேண்டும். எனக்கு விரிந்தது மூக்குத் துவாரம் மட்டும்.

அப்போதுதான் முதல் ஆபத்து எதிரே வந்தது. வெள்ளைத் தலைமுடி, இரண்டு ஊன்றுகோல், ஆட்டுக்குட்டிபோல் இறங்கி வந்த ஓர் அம்மா. எங்களைக் கடக்கும்போது மலர்ந்த முகத்தோடு, "க்ரியாஸ் டி" என்றார்.

சீ அண்ணை நின்றார். "தம்பி, என்ன சொன்னவ?"

அது இந்தப் பக்கத்து வணக்கம் என்றேன். உன்னை வாழ்த்துகிறேன் என்று பொருள்.

"உன்னையோ? அதுவும் கடைசியில 'டி' போட்டு?" அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. "நான் என்ன அவவின்ரை பள்ளிக்கூடச் சிநேகிதியோ, 'டி' போட்டுக் கூப்பிட?"

அலோயிஸ் அவசரமாக விளக்கினார். ஆயிரம் மீற்றருக்கு மேலே 'சீ' கிடையாது. அல்ப்ஸ் மலை முழுக்க இதுதான் வழக்கம். மந்திரியும் 'டூ', மாட்டுக்காரனும் 'டூ'. மேலே கால் வழுக்கினால், "மதிப்புக்குரிய ஐயா, உங்கள் பின்னால் பள்ளம் இருக்கிறது" என்று சொல்லி முடிப்பதற்குள் மதிப்புக்குரிய ஐயா பள்ளத்தில் இருப்பார்.

"இது எங்கை எழுதியிருக்கு?" என்று கேட்டார் சீ அண்ணை.

எங்கேயும் எழுதவில்லை என்றார் அலோயிஸ்.

"போர்ட் இல்லையோ? ஜேர்மனியில போர்ட் இல்லாத சட்டமோ?" புல்லில் கால் வைக்கக்கூடாதென்றும், மதியத்தில் வெறும் போத்தலைத் தொட்டியில் போட்டுச் சத்தம் எழுப்பக்கூடாதென்றும், எந்தப் பெட்டிக்குள் எந்தக் குப்பை என்றும் போர்ட் நட்டு வைத்திருக்கும் நாட்டில், ஒரு மனிதனுடைய மரியாதை எந்த இடத்தில் முடிகிறது என்று சொல்ல ஒரு பலகை இல்லையா என்பது அவருடைய வாதம். என்னால் மறுக்க முடியவில்லை. பேசவும் முடியவில்லை.

பிறகு அவர் என் கைப்பேசியில் உயரம் காட்டும் வசதியைத் திறந்து வைக்கச் சொன்னார். ஆயிரம் இன்னும் ஆகவில்லை. அவ்வளவுதான், மலையில் சட்டம் ஒழுங்கு தொடங்கிவிட்டது. இறங்கி வந்த ஒவ்வொருவரையும் மறித்து, "மன்னியுங்கள், இது இன்னும் ஆயிரம் மீற்றர் ஆகவில்லை. இங்கே நீங்கள் எனக்கு 'சீ' சொல்ல வேண்டும்" என்று ஜேர்மன் மொழியில் அறிவித்தார். கோட்டும் ரையும் போட்டிருந்ததால் வனத்துறை அதிகாரி என்று நினைத்தார்களோ என்னவோ, பலர் மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு குடும்பம் திரும்பவும் நான்கடி மேலே போய், இறங்கி வந்து, முறையாக வணங்கிவிட்டுப் போனது. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. கல்மலை, பிளக்கவில்லை.

ஆயிரம் தாண்டியதும் அவர் வாயை மூடிக்கொண்டார். வருகிறவர்கள் 'டி' போட்டார்கள். அவர் தலையை மட்டும், பல்லுவலிக்காரர்போல், அசைத்தார். அலோயிஸ் முன்னால், தன் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு, ஒவ்வொரு கல்லுக்கும் 'சீ' சொல்லி நடந்தார். இரண்டு பிடிவாதக்காரர்களுக்கு நடுவில் நான் ஒருவன், கால் பெருவிரல் நகம் கழன்றதுகூடத் தெரியாமல், ஒரு கலியாணத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். இந்த இரண்டு பேரில் ஒருவர் வாய் தவறினால் ஆரணியின் கலியாணம் அந்தப் பள்ளத்தில்.

மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு வேலி, அதில் ஒரு படலை. அலோயிஸின் இளம் மாடுகள் கோடை முழுக்க அதற்கு அப்பால்தான் மேயும். போகிறவர்கள் படலையைச் சாத்திவிட்டுப் போக வேண்டும். அன்று எங்களுக்கு முன்னால் போன யாரோ அதை ஆவென்று திறந்து விட்டுப் போயிருந்தார்கள். நாங்கள் திருப்பத்தைக் கடந்தபோது, கழுத்து மணிகள் அலற, மந்தை முழுவதும் பாதை வழியாக எங்களை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பாதையின் இடப்பக்கம் சரிவு. அங்கே இறங்கினால் மாடு திரும்பி வராது.

அலோயிஸ் வலப்பக்கம் பாய்ந்தார். பாய்ந்தபடியே தொண்டை கிழியக் கத்தினார்: "டூ! இடது பக்கம்! ஓடு!"

என் இதயம் நின்றது. மாடுகளுக்காக அல்ல. அந்தச் சொல் வெளியே வந்துவிட்டது.

ஆனால் சீ அண்ணை ஓடினார். கோட்டின் இரண்டு வாலும் பறக்க, ரை தோளுக்குப் பின்னால் போக, சரிவின் விளிம்புக்கு ஓடி, கையிரண்டையும் அகல விரித்து நின்றார். நின்று, முன்னால் வந்த பழுப்பு நிற மாட்டைப் பார்த்து, தெளிவான ஹம்பேர்க் ஜேர்மன் மொழியில் சொன்னார்: "தயவுசெய்து நில்லுங்கள். நீங்கள் அனைவரும் திரும்பிப் போங்கள்."

அந்த மாடுகளுக்கு அவற்றின் வாழ்க்கையில் யாரும் 'சீ' சொன்னதில்லை. பழுப்பு மாடு சடக்கென்று நின்றது. பின்னால் வந்தவை அதன்மேல் முட்டி நின்றன. எல்லாமாக அவரைப் பார்த்தன. அவரும் பார்த்தார். பிறகு, ஏதோ ஓர் அலுவலகத்தில் பிழையான அறைக்குள் நுழைந்துவிட்டவர்களைப் போல, ஒவ்வொன்றாகத் திரும்பின. அவர் "நன்றி, நன்றி" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடக்க, அலோயிஸ் மறுபக்கத்திலிருந்து அணைத்து ஓட்ட, மந்தை படலைக்குள் போய்ச் சேர்ந்தது. நான் ஒரு மரத்தின் பின்னால் நின்று மேற்பார்வை செய்தேன்.

படலையைச் சாத்திக் கொக்கியைப் போட்டார் அலோயிஸ். அப்போதுதான் அவருக்குத் தான் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தப் பெரிய உருவம் சின்னதாகிப் போனது. "மன்னியுங்கள்" என்றார். "அவசரத்தில் வந்துவிட்டது. நீங்கள் விரும்பினால் திரும்பிப் போகலாம்."

சீ அண்ணை ரையை நேராக்கினார். கோட்டிலிருந்த சாணியைப் புல்லால் துடைத்தார். இவ்வளவையும் ஆறுதலாகச் செய்தார். ஆரணியின் முகம் எனக்குக் கண்ணுக்குள் வந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இது எத்தினை மீற்றர்?"

ஆயிரத்தைத் தாண்டி எவ்வளவோ ஆகிவிட்டது என்றேன்.

"அப்ப சட்டப்படி பிழையில்லை" என்றார். "உச்சி இன்னும் எவ்வளவு தூரம்?"

சிகரத்தில் ஒரு மரச்சிலுவை இருந்தது. சுற்றிவர மலை, மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் பனி பூசிய மலை. அழகாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். காற்று ஆளைத் தூக்கியது. ஜேர்மன் வழக்கத்தில் 'டூ'வை இளையவர் எடுக்கக்கூடாது, மூத்தவர்தான், தன் சொந்தப் பெயரைச் சொல்லி, கொடுக்க வேண்டும். இரண்டு பேரில் சீ அண்ணைதான் மூத்தவர். அவர் சிலுவையின் அருகில் போய் நின்று, கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, கையை நீட்டினார்.

"பன்றி இல்லைத்தான்" என்றார் ஜேர்மன் மொழியில். "ஆனால் மாடு மேய்த்தாகிவிட்டது." பிறகு தன் பெயரைச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துக் காற்று வீசியது. எனக்குக் கேட்கவில்லை. இத்தனை வருடமாக அவர் எங்களுக்கு அண்ணை, ஜேர்மன்காரருக்குக் குடும்பப் பெயர். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. ஒருமுறை சேர்ந்து மாடு திருப்பிய ஒரே காரணத்துக்காக அலோயிஸுக்குத் தெரியும். இது முதலாவது அநியாயம்.

கைகுலுக்கல் முடிந்ததும் அலோயிஸ் கேட்டார், இவ்வளவு நாளும் ஏன் இந்த வைராக்கியம் என்று. சீ அண்ணை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞனின் கதையைச் சொன்னார். நான் நூறுதரம் கேட்ட கதை. ஆனால் அன்று ஒரு வால் சேர்ந்தது. எனக்கு அது புதிது. அந்த இளைஞன் அவருக்கு 'டூ' சொன்ன அதே வாயால், அவருக்குப் பின்னால் நின்ற மனிதருக்கு 'சீ' சொன்னானாம். "எல்லாருக்கும் 'டூ' எண்டால் நானும் வாங்கிக்கொண்டு போயிருப்பன்" என்றார். அலோயிஸ் நாங்கள் ஏறி வந்த பாதையை எட்டிப் பார்த்தார். பிறகு, "அவனை எங்கேயாவது கண்டால் எனக்குச் சொல். இங்கே கூட்டி வந்து, நடந்து ஏற விடுவோம்" என்றார்.

இந்த இடத்தில்தான் நான் என் பங்கைக் கேட்டேன். நானும் ஏறியிருக்கிறேன். நகம் போயிருக்கிறது. குளிர்காலம் முழுக்க அவர் வீட்டில் படுத்தவன், தேருக்குப் பிந்திப் போனவன், அலுமாரி சுமந்தவன். அவருக்குப் பக்கத்தில் போய், "அண்ணை, நானும் ஆயிரம் மீற்றருக்கு மேலதான் நிக்கிறன்" என்றேன்.

"ஓம் தம்பி. நீங்களும் கஷ்டப்பட்டு வந்தனீங்கள்தானே. சந்தோசம்."

"இல்லை அண்ணை, இஞ்சை ஒருமைதானே வழக்கம்?"

விளங்கிக்கொண்டு சிரித்தார். "அது ஜேர்மன் மொழிக்கு. தமிழுக்கு உயரம் கிடையாது, தம்பி. நீங்கள் தண்ணி குடியுங்கோ."

இது இரண்டாவது அநியாயம். மூன்றாவதை நான் திரும்பியதும் கண்டேன். சிகரத்துக்குப் பின்பக்கம், சிரிப்பும் சத்தமுமாக, கையில் ஐஸ்கிரீமோடு ஒரு கூட்டம். தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தை. அந்தப் பக்கத்தால் கேபிள் கார் வருகிறது. அலோயிஸைப் பார்த்தேன். "நீ கேட்கவே இல்லையே" என்றார். எனக்கு 'டூ' சொல்ல அவர் யாருடைய அனுமதியையும் தேடவில்லை என்பதையும் கவனிக்கவும்.

இறங்கும்போது கேபிள் காரில்தான் இறங்கினோம். அதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இரண்டு சம்பந்திகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, நீ, நான், உன் மகன், என் மகள் என்று பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். சீ அண்ணையின் ஒரு கண் மட்டும் என் கைப்பேசியில் இருந்தது. ஆயிரத்துக்குக் கீழே எண் விழுந்தது. அவர் ரையை இறுக்கி, தொண்டையைச் செருமி, அலோயிஸிடம் சொன்னார்: "உங்களுக்குக் கால் நோகவில்லையே?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து என்று நினைத்தேன். ஆனால் அலோயிஸ் ஒரு கணம் முழித்துவிட்டு, பெட்டி ஆடும்படி சிரித்தார். பிறகு முதுகை நிமிர்த்தி, "கேட்டதற்கு நன்றி. உங்களுக்கு?" என்றார்.

அந்த ஒப்பந்தம் இன்றுவரை நடக்கிறது. அலோயிஸ் வீட்டிலிருந்து போன் எடுத்தால் 'சீ'. மலைமேல் மாடு மேய்க்கும்போது தங்கும் குடிசையிலிருந்து எடுத்தால் 'டூ'. சம்பந்தி எந்த உயரத்தில் நிற்கிறார் என்று அக்கா முதல் வசனத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கலியாணம் ஹம்பேர்க்கில் நடந்தது. அலோயிஸ் தோல் காற்சட்டையோடு வந்து, எங்கள் சனம் நிறைந்திருந்த மண்டபத்தின் நடுவில் நின்று, மேளகாரரும் வாசிப்பை நிறுத்தும் குரலில், "மதிப்புக்குரிய சம்பந்தி ஐயா, நீங்கள் முதலில் அமருங்கள்" என்றார். சீ அண்ணை அமர்ந்தார். பட்டு வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, ஒரு நாட்டையே வென்றவர்போல். கண் கலங்கியிருந்தது. அது ஓமப் புகை என்று பிறகு எனக்கு விளக்கினார்.

எல்லாம் முடிந்து நான் எஸ்பான் ரயில் நிலையத்துக்குக் கிளம்பியபோது, வழியனுப்ப அவரும் மேடைவரைக்கும் வந்தார். துறைமுகத்திலிருந்து ஈரக் காற்று வீசியது. நான் இன்னும் கொஞ்சம் நொண்டிக்கொண்டுதான் இருந்தேன். எனக்குச் செய்த அநியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ரயில் வந்துவிட்டது. நான் ஏறித் திரும்ப, அவர் கையை நீட்டி என் ஜக்கெற்றின் மேல் பொத்தானைப் பூட்டினார்.

"குளிருது. மூடிக்கொண்டு போ" என்றார். "போய்ச் சேர்ந்தவுடன போன் எடு."

கதவு சாத்திக்கொண்டது. அவர் சொன்னது விளங்க எனக்கு ஒரு நிமிடம் எடுத்தது. கண்ணாடிக்கு வெளியே அவர் ஒன்றும் நடக்காதவர்போல் தலைப்பாகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து போனார். நான் கைப்பேசியை எடுத்து, நிற்கும் உயரத்தைப் பார்த்தேன். கடல் மட்டத்துக்கு மேலே, சொல்லும்படியாக ஒன்றுமில்லை.

அவர் சொன்னது சரிதான். தமிழுக்கு உயரம் கிடையாது.